கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒருவரை மதிப்பிட்ட மாதங்கள்

இங்கிலாந்தின் உயர் பாதுகாப்புச் சிறை ஒன்றில் உளவியலாளராக வேலை பார்த்தபோது, ஒரு கைதியை 'க்ளோஸ் சூப்பர்விஷன் சென்டர்' எனப்படும் சிறப்புப் பிரிவுக்கு அனுப்பலாமா என்று மதிப்பிடும் பொறுப்பு முதல்முறையாக எனக்கு வந்தது. அந்த அனுபவத்தை எழுதுகிறேன். அவர் யாரென்று தெரிந்துவிடாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இந்தப் பிரிவுகள் மிகச் சிறியவை. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் 80,000-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கும்போது, இவற்றில் மொத்தமாகவே ஐம்பது அறுபது பேர்தான் இருப்பார்கள். சிறைக்குள்ளேயே கொலை செய்தவர்கள், காவலரைப் பிணையாகப் பிடித்தவர்கள், திரும்பத் திரும்பத் தாக்கியவர்கள். 1998-இல் இந்த ஏற்பாடு வருவதற்கு முன்னால் இப்படிப்பட்டவர்களை ஒரு சிறையின் தனிமைப் பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மூன்றாவதற்கு என்று சுற்ற விடுவது வழக்கமாக இருந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் விடியற்காலையில் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஆள் மாயமாய் மறைந்துவிடுவதால் கைதிகள் இதற்கு 'கோஸ்டிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் மட்டுமல்ல, அந்தப் பழக்கமும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

நம் ஆள் பதினான்கு மாதமாகத் தனிமைப் பிரிவுகளில் இருந்தார். ஐ.நா.வின் மண்டேலா விதிகள் தொடர்ந்து 15 நாளைத் தாண்டும் தனிமைச் சிறையையே நீடித்த தனிமை என்று சொல்லித் தடை செய்கின்றன. அதனால் 'இவர் ஆபத்தானவரா?' என்பது என் முன்னால் இருந்த கேள்வியே இல்லை. அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. இந்த அறையில் கிடைக்காத எதை அந்தச் சிறிய பிரிவு இவருக்குக் கொடுக்கும் என்பதுதான் கேள்வி. இதை நான் புரிந்துகொள்ளவே சில வாரங்கள் ஆயின.

முதல் வேலை ஃபைல். மூன்று பெட்டிகள். இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். பிறகு அவரைப் பார்க்கப் போனேன். கதவைத் திறக்க வேண்டுமென்றால் ஹெல்மெட், கேடயத்துடன் ஆறு காவலர்கள் வேண்டும். அதனால் கதவு மூடியே இருந்தது. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விரல்கூட நுழையாத ஓர் இடுக்கு இருக்கும். அதில் வாயை வைத்துப் பேச வேண்டும், பதில் கேட்கக் காதை வைக்க வேண்டும். ஒரே நேரத்தில் அவர் முகத்தையும் பார்த்து, சொல்வதையும் கேட்க முடியாது. முகம் வேண்டுமென்றால் கண்ணாடித் துவாரம், பேச்சு வேண்டுமென்றால் இடுக்கு. வரிசையில் பக்கத்து அறைக்காரர்களுக்கு எல்லாமே கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு, 'உங்கள் சிறு வயதைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த இரண்டு முறையும் அப்படித்தான்.

பேசாவிட்டாலும் அறிக்கை எழுதியாக வேண்டும். ஒருவர் வன்முறையில் இறங்கும் அபாயத்தை மதிப்பிட உதவும் எச்.சி.ஆர்.-20 என்ற கருவியைப் பயன்படுத்தினோம். அதில் 20 அம்சங்கள்: பத்து கடந்த காலத்தைப் பற்றியவை, ஐந்து இப்போதைய நிலை, ஐந்து இனி வரக்கூடிய சூழ்நிலை. அப்புறம் 'சைக்கோபதி' எனப்படும் ஆளுமைக் கூறுகளை அளக்கும் பி.சி.எல்.-ஆர். அதிலும் 20 அம்சங்கள்தான், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2, மொத்தம் 40. ஆள் நேர்காணலுக்கு வர மறுத்தால், ஆவணங்கள் போதுமான அளவுக்கு இருக்கும்பட்சத்தில் ஃபைலை மட்டும் வைத்து மதிப்பெண் போடலாம். மூன்று பெட்டி இருக்கிறதே, போதாதா என்று நினைத்தேன்.

வரைவு தயாரானதும் அதை அவரிடம் காட்ட வேண்டும். தன்னைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்று பார்த்து, பதில் சொல்லும் வாய்ப்பு அவருக்கு உண்டு. கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு மறுநாள் போனேன். அன்றுதான் முதல்முறையாக இடுக்குப் பக்கம் வந்தார்.

"ஒன்பதாம் பக்கம். வெந்நீர் விஷயம். நீங்களும் அதையே எழுதிட்டீங்க."

இவர் ஒரு காவலரின் முகத்தில் கொதிக்கும் நீரை ஊற்றினார் என்று ஐந்து அறிக்கைகளில் இருந்தது. நானும் எழுதியிருந்தேன். சரி, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, சம்பவம் நடந்த சிறையிலிருந்து அன்று எழுதப்பட்ட மூலப் படிவத்தை வரவழைத்தேன். இரண்டு நாள் ஆயிற்று. கெட்டிலைத் தூக்கிச் சுவரில் அடித்தார், யாருக்கும் காயமில்லை என்று அதில் இருந்தது. அவ்வளவுதான். முதல் அறிக்கை எழுதியவர் எங்கிருந்து அந்த முகத்தைக் கொண்டுவந்தாரோ தெரியாது. மற்ற நாங்கள் எல்லாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறோம். அதன் மேல் மதிப்பெண் வேறு போட்டிருக்கிறோம்.

அவர் நல்லவர் என்று இதற்கு அர்த்தமில்லை. வேறு நான்கு தாக்குதல்கள் உண்மை. அதில் ஒருவருக்கு இன்றும் ஒரு கண் சரியாகத் தெரியாது. ஆனால் உண்மையான நான்கையும் பற்றிப் பேச வேண்டுமென்றால், பொய்யான ஒன்றை முதலில் எடுத்தாக வேண்டும். திருத்திய பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் பேசினார். அதற்கு அடுத்த நாளும்.

இதற்கிடையில் எங்கள் தனிமைப் பிரிவில் பல வருடமாக இருந்த காவலர் ஒருவர், தேநீர் நேரத்தில் போகிறபோக்கில் ஒன்று சொன்னார். "போர்வையை நாலா மடிச்சு மெத்தை மேல வெச்சிருந்தா, அன்னைக்கு அவர் கதவைத் திறக்க மாட்டேன்." எந்த ஃபைலிலும் இது இல்லை. நான் எழுதிய எந்தப் பக்கத்தையும்விட அந்த ஒரு வரி பெரிது. (காவலர்களிடம் உட்கார்ந்து பேசாமல் இந்த மதிப்பீட்டை யாரும் முடித்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவர்களைப் 'பொறுப்பாளர் குறிப்பு' என்ற ஒரு கட்டத்துக்குள் அடைத்துவிடுகிறோம்.)

திரும்பப் போய் ஒரு தாளில் இரண்டு வரிசை எழுதினேன். ஒன்றில் மாற்றல் தேதிகள், இன்னொன்றில் தாக்குதல் தேதிகள். நான்கு தாக்குதலும் ஒரு சிறையில் அவர் ஓரளவு ஊன்றிய பிறகு நடந்தவை. ஏறத்தாழ ஐந்தாவது, ஆறாவது மாதம். ஒவ்வொன்றுக்கும் அடுத்த சில நாளில் ஒரு மாற்றல். தாளைக் கண்ணாடித் துவாரத்தில் காட்டிவிட்டு, போர்வையைப் பற்றிக் கேட்டேன்.

நெடுநேரம் கழித்துச் சொன்னார். "எப்படியும் அனுப்பத்தான் போறாங்க. எப்பன்னு தெரியாம தினமும் காலையில காத்துக்கிட்டு இருக்கறது என்னால முடியாது. அதனால எப்பன்னு நானே முடிவு பண்றேன்."

அவர் போர்வையை மடிப்பது சண்டைக்கு முன்னான கோபம் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். அவர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

அறிக்கையை முதலிலிருந்து எழுதினேன். சிறப்புப் பிரிவைப் பற்றி எனக்கு மனக்குறைகள் உண்டு. அங்கே எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்பதற்கு வரையறை கிடையாது. உத்தரவு புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே போகலாம். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் எளிதில் உதிராது. வெளியே வரும் வழி உள்ளே போகும் வழியைவிடக் குறுகலானது. இதையெல்லாம் எழுதினேன். ஆனால் தாக்கினால் வேறு சிறை என்ற அந்தக் கணக்கு அங்கே செல்லாது. அங்கே ஒருவரைப் பல மாதம், பல வருடம் ஒரே ஊழியர்கள் பார்ப்பார்கள். இவருக்கு வேண்டியது அதுதான் என்று தோன்றியது. 1973-இல் கிளாஸ்கோவின் பார்லின்னி சிறையில் திறந்த சிறிய பிரிவு நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு சிலரே இருந்தார்கள். பிரச்சினை வந்தால் கைதிகளும் ஊழியர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். இன்றைய பிரிவுகள் அதைவிட எவ்வளவோ இறுக்கமானவை. ஆனாலும் ஒருவரை ஓர் இடத்தில் இருக்க விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஒரு முன்னுதாரணம்.

அவரைச் சிறப்புப் பிரிவில் எடுத்துக்கொள்வதா என்று முடிவு செய்யும் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது. மனநலச் செவிலியர், பாதுகாப்பு அதிகாரி, வழக்கு மேலாளர் எல்லாருடைய அறிக்கைகளும் வைக்கப்பட்டன. எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

முடிவை நானே போய்ச் சொன்னேன். நான் பரிந்துரைத்ததுதான் என்பதையும் சொன்னேன். கோபப்பட்டார். அந்தக் கோபம் நியாயமானது. பிறகு ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "எந்தத் தேதி?" பாதுகாப்புக் காரணத்தால் தேதியை முன்கூட்டிச் சொல்வதில்லை. சிறை மேலாளரிடம் போய் வாதாடினேன். அரை மணி நேரம். கடைசியில், கிளம்பும் நாளுக்கு முந்தின மாலை சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டார். அந்த மாலை நானும் அந்தக் காவலரும் போய்ச் சொன்னோம். மறுநாள் காலை ஒரு தள்ளுமுள்ளும் இல்லாமல் வண்டியில் ஏறினார்.

நாலைந்து மாதம் கழித்து அந்தப் பிரிவிலிருந்து ஓர் உளவியலாளர் போன் செய்தார். என் அறிக்கையின் முதல் பக்கத்தில் போர்வை பற்றி எழுதியிருந்ததைப் பற்றித்தான் கேட்டார். அன்று காலை மடித்து வைத்திருக்கிறாராம், என்ன செய்வது என்றார். கதவருகே போய், இன்றும் நாளையும் உங்களுக்கு எந்த மாற்றலும் இல்லை என்று சொல்லிப் பாருங்கள் என்றேன். அவர் போனை வைக்காமலே நடந்து போகும் சத்தம் கேட்டது.