முதலீட்டாளரின் வக்கீலுக்கு யார் ஃபீஸ் கொடுப்பது?

மதிப்பீட்டுக்கும் போர்டு இடத்துக்கும் வாரக்கணக்கில் மல்லுக்கட்டும் ஸ்டார்ட்அப் நிறுவனர்கள், டெர்ம் ஷீட்டின் (முதலீட்டு நிபந்தனைகளின் சுருக்க ஆவணம்) கடைசிப் பக்கத்தில் 'செலவுகள்' என்று வரும் இரண்டு வரியைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். முதலீட்டாளர் வைத்துக்கொள்ளும் வக்கீலின் ஃபீஸையும் கம்பெனியே கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்த இரண்டு வரி. அமெரிக்காவின் வென்ச்சர் கேபிடல் சங்கமான என்விசிஏ வெளியிடும் மாதிரி டெர்ம் ஷீட்டிலும் இது உண்டு. அங்கே உச்சவரம்புத் தொகைக்கு மட்டும் இடம் காலியாக விடப்பட்டிருக்கும். இந்தியாவிலும் சீரிஸ் ஏ (தொடக்கக் கட்டத்துக்குப் பிறகு வரும் முதல் பெரிய முதலீடு) ரவுண்டுகளில் இது சகஜம்.

"அவர்கள் போடுகிற பணத்திலிருந்துதானே போகிறது, நமக்கென்ன?" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ப்ரீ-மணி (முதலீட்டுக்கு முந்தைய மதிப்பீடு) 20 கோடி, முதலீடு 5 கோடி, முதலீட்டாளருக்கு 20 விழுக்காடு. அவருடைய வக்கீலுக்கு 15 லட்சம் போனால் கம்பெனி கையில் நிற்பது 4.85 கோடி, கொடுத்த பங்கு அதே 20 விழுக்காடுதான். 4.85 கோடிக்கு 20 விழுக்காடு என்றால் போஸ்ட்-மணி (முதலீட்டுக்குப் பிந்தைய மதிப்பீடு) 24.25 கோடி, ப்ரீ-மணி 19.40 கோடி. 60 லட்சம் மதிப்பீடு சத்தமில்லாமல் இறங்கிவிட்டது. வேறு விதமாகச் சொன்னால், அந்த 15 லட்சத்தில் முதலீட்டாளர் தலையில் விழுவது 3 லட்சம். மீதி 12 லட்சம் பழைய பங்குதாரர்கள் தலையில்.

முதலீட்டாளர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. கம்பெனியின் காகிதங்கள் அலங்கோலமாக இருப்பதால்தான் டியூ டிலிஜென்ஸ் (முதலீட்டுக்கு முன் கம்பெனியின் ஆவணங்களைச் சரிபார்ப்பது) நீள்கிறது, அதற்கு ஃபண்ட் (முதலீடு செய்யும் நிறுவனம்) ஏன் அழ வேண்டும் என்பார்கள். பாதி உண்மை. ஆனால் வக்கீலை வைப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் இன்னொருவர் என்றானால் மணிக்கணக்கை யாரும் பார்ப்பதில்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான்.

ஏஞ்சல், சீட் என்ற ஆரம்ப முதலீட்டுக் கட்டத்தில் அவரவர் வக்கீலுக்கு அவரவர் கொடுப்பதுதான் முறை என்பது என் கட்சி. 2019-ல் வந்த ஐசேஃப் (இப்போது பணம், மதிப்பீடு பிறகு என்ற முறை) போன்ற தயார்நிலைப் பத்திரத்தில் 50 லட்சம் வாங்கும்போது, முதலீட்டாளர் தரப்பு வக்கீலுக்கு அதிக வேலையே இல்லை. சீரிஸ் ஏ-யில் கம்பெனி கொடுக்கட்டும், ஆனால் வேலி போட்டுத்தான். 'நியாயமான கட்டணம்' என்ற சொல் வேலி ஆகாது. ரூபாயில் எண் வேண்டும். அந்த எண்ணுக்குள் டியூ டிலிஜென்ஸ், ஒப்பந்தங்கள் எழுதுவது, பயணச் செலவு, க்ளோசிங்குக்குப் (பணம் வந்து பேரம் முடியும் நாள்) பிறகான வேலைகளைச் சரிபார்ப்பது எல்லாம் அடங்க வேண்டும். லீட் முதலீட்டாளரின் (ரவுண்டை முன்னின்று நடத்துபவர்) ஒரே ஒரு வக்கீல் நிறுவனத்துக்கு மட்டும். கூட வரும் மற்ற முதலீட்டாளர்களும் தனித்தனி பில் அனுப்ப இடம் கொடுக்கக் கூடாது. பணம் இரண்டு தவணையாக வந்தால் ஃபீஸும் அதே விகிதத்தில் பிரியட்டும்.

வரியையும் அந்த எண்ணோடு சேர்த்துப் பேசுங்கள். வக்கீல் சேவைக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி ரிவர்ஸ் சார்ஜில், அதாவது வக்கீல் அல்ல, சேவை பெறுபவரே கட்டும் முறையில் வருகிறது. பில் கம்பெனி பெயரில் இருந்தால் 15 லட்சத்துக்கு மேல் 2.7 லட்சத்தைக் கம்பெனி ரொக்கமாகக் கட்டிவிட்டு, தகுதி இருந்தால் பிறகு உள்ளீட்டு வரவாக (தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிக்க) எடுத்துக்கொள்ளலாம். பில் ஃபண்டின் பெயரில் இருந்து கம்பெனி அதை ஈடுகட்டினால் அந்த வரவு கைக்கு வராது. வருமான வரியில் இதைச் செலவாகக் கழிக்கலாம் என்று எண்ண வேண்டாம்: பங்கு மூலதனத்தைப் பெருக்கும் செலவு மூலதனச் செலவே என்று 1997-ல் புரூக் பாண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பலர் சறுக்கும் இடம் பணம் கைமாறும் விதம். "ஃபீஸைக் கழித்துக்கொண்டு 4.85 கோடி அனுப்புகிறோம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 5 கோடிக்குப் பங்கு ஒதுக்கிவிட்டு வங்கியில் 4.85 கோடி காட்டினால், வெளிநாட்டுப் பணமாக இருக்கும்பட்சத்தில் எஃப்சி-ஜிபிஆர் படிவத்தை (வெளிநாட்டவருக்குப் பங்கு கொடுத்ததை ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிப்பது) வங்கி திருப்பி அனுப்பும். உள்நாட்டுப் பணம் என்றாலும் பங்குகள் முழுதாகப் பணம் செலுத்தப்பட்டவைதானா என்ற கேள்வி நிற்கும். முழுத்தொகை உள்ளே வந்த பிறகுதான் ஃபீஸ் வெளியே போக வேண்டும். அதுவும் உடனே முடியாது. கம்பெனிகள் சட்டம் 42-ஆம் பிரிவுப்படி, பங்கு ஒதுக்கி பிஏஎஸ்-3 (பங்கு ஒதுக்கீட்டு அறிக்கைப் படிவம்) தாக்கல் செய்யும்வரை அந்த ரவுண்டுப் பணத்தைத் தொடக் கூடாது. தாக்கலுக்கு ஒதுக்கீட்டிலிருந்து 15 நாள் அவகாசம். ஆகவே 'க்ளோசிங் அன்றே' என்பதை 'பிஏஎஸ்-3 தாக்கலான 7 நாளுக்குள்' என்று மாற்றி எழுதுங்கள்.

பேரம் முறிந்தால் என்ன ஆகும்? டெர்ம் ஷீட் பெரும்பாலும் கட்டுப்படுத்தாத ஆவணம்தான். ஆனால் ரகசியம், எக்ஸ்க்ளூசிவிட்டி (குறித்த காலம் வேறு முதலீட்டாளரிடம் பேசக் கூடாது என்பது), செலவு ஆகிய ஷரத்துகள் மட்டும் வழக்கமாகக் கட்டுப்படுத்தும். 'பேரம் முடிந்தாலும் முடியாவிட்டாலும்' என்ற சொற்கள் அங்கே ஒளிந்திருந்தால், முதலீட்டாளர் 50-ஆவது நாளில் மனம் மாறிப் போனபிறகும் அவருடைய வக்கீல் பில் உங்கள் மேசைக்கு வரும். பணம் வராத மாதத்தில் அதைக் கட்டுவது கொடுமை. முதலீட்டாளர் விலகினால் அவரவர் செலவு அவரவருக்கு. எக்ஸ்க்ளூசிவிட்டியை மீறி நிறுவனர் வேறு ஃபண்டிடம் போனாலோ, டியூ டிலிஜென்ஸில் மறைத்த விஷயம் வெளிப்பட்டாலோ மட்டும் கம்பெனி உச்சவரம்புக்குள் கொடுக்கட்டும். இதில் யாரும் குறை சொல்ல முடியாது.

பில்லைக் குறைக்க உங்கள் கையிலும் வழி உண்டு. பழைய ஒதுக்கீடுகளின் பிஏஎஸ்-3 ரசீதுகள், பங்குதாரர் பதிவேடு, மென்பொருள் எழுதியவர்கள் உரிமையை கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்த பத்திரங்கள், மின்னஞ்சலில் வாக்குக் கொடுத்த ஈசாப் (ஊழியர்களுக்கான பங்குரிமை) கணக்கு, இந்த நான்கும் டேட்டா ரூமில் (முதலீட்டாளர் தரப்பு பார்க்க ஆவணங்கள் வைக்கும் இடம்) முதல் நாளே இருந்தால் கேள்விப் பட்டியல் சுருங்கும். பங்குதாரர் ஒப்பந்தத் திருத்தங்களை நாலு பேர் நாலு மின்னஞ்சலில் அனுப்பாமல் ஒரே தொகுப்பாக அனுப்புங்கள்.

உங்களுக்கென்று தனி வக்கீல் வைப்பதை மட்டும் இந்தச் சிக்கனத்தில் சேர்க்காதீர்கள். ஃபீஸ் நீங்கள் கொடுத்தாலும் அந்த வக்கீலின் கட்சிக்காரர் முதலீட்டாளர்தான். ஒப்பந்தத்தில் உங்களுக்குப் பாதகமான ஷரத்தை உங்களிடம் சுட்டிக்காட்டும் கடமை அவருக்கு இல்லை.