வராதவர்களின் இடாப்பு

எங்கள் விலங்கியல் ரீச்சர் காலமானபோது நமது பழைய மாணவர் சங்கம் வெளியிட்ட அனுதாபச் செய்தியில் அவருடைய கல்விச் சேவை விரிவாகச் சொல்லப்பட்டிருந்தது. ஓய்வுபெற்ற பின்னர் ஊரில் புற்றுநோயாளருக்காக அவர் செய்த வேலை பற்றி அதில் ஒரு வரியும் இருக்கவில்லை. மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது அந்த வேலையைப் பற்றியே எழுதுவதெனத் தீர்மானித்தேன்.

ரீச்சர் இடாப்புக் கூப்பிட்ட விதத்தை நம் வகுப்பார் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். வந்தவர்களின் மறுமொழியைவிட மறுமொழி வராத பெயரிலேயே அவருடைய கவனம் நிற்கும். இரண்டு நாள் தொடர்ந்து ஒரு பெயருக்குக் குரல் எழாவிட்டால், அன்று பின்னேரம் அவருடைய சைக்கிள் அந்த வீட்டுப் படலையடியில் நிற்கும். புகையிலை வெட்டும் காலத்தில் எங்கள் பின்வாங்கு வெறுமையாகிவிடும். தோட்டத்துக்கே வந்து, ஐயாவுக்கு முன்னால் வரம்பில் நின்றபடி, "விடிய வேலை வாங்குங்கோ, எட்டு மணிக்கு அனுப்பிவிடுங்கோ" என்று அவர் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். வராத பிள்ளையை அவர் ஒருபோதும் வகுப்பில் வைத்து ஏசியதில்லை. வராததற்கு ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடிப்பது ஆசிரியரின் வேலை என்று நம்பினார்.

புற்றுநோயாளரிடம் அவரை அழைத்துச் சென்றது, அவருடன் கற்பித்த சங்கீத ரீச்சருக்கு மார்பில் வந்த கட்டி. போர் நடந்த அந்த நாட்களில் வடக்கிலிருந்து சிகிச்சைக்குப் போவதென்றால் பெரும்பாலும் கொழும்புக்கு அருகிலுள்ள மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குத்தான் போகவேண்டும். வடக்கைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி மூடப்பட்டிருந்தபடியால், இரவில் கிளாலிக் கடல்நீரேரியை வள்ளத்தில் கடந்து, அக்கரையிலிருந்து கிடைத்த வாகனத்தில் தொற்றி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, மொழி தெரியாத ஊரில் தங்குமிடம் தேடவேண்டும். முதல் முறை இருவருமாகப் போய்வந்தார்கள். அடுத்த முறைக்கான திகதி வந்தபோது பாதை இல்லை. சிகிச்சை அரைவாசியில் நின்றது. சங்கீத ரீச்சர் அடுத்த வருடமே காலமாகிவிட்டார். "மருந்து இருந்தது, டொக்டர் இருந்தார், அவவாலை போக முடியேல்லை" என்று ரீச்சர் பின்னாளில் என்னிடம் சொன்னார்.

போர் முடிந்தபின் நிலைமை மாறியது. 2011 ஜூலையில் தன்னார்வலர்கள் சிலர் நாட்டின் தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை 27 நாட்களில் 670 கிலோமீற்றர் நடந்து, வடக்கில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலைக்காக நிதி திரட்டினார்கள். வழி நெடுகத் தெற்கிலும் வடக்கிலுமாகச் சாதாரண மக்கள் சேர்ந்து நடந்தார்கள். அந்த நிதியில் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பளையில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. புலம்பெயர்ந்த நாம் இத்தகைய கட்டடங்களுக்குத் தாராளமாகக் கொடுக்கிறோம், அது நல்லதே. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு கட்டவும் தேவையில்லை. அப்படியானால் அயலில் உள்ள ஒரு சிறிய புற்றுநோயாளர் உதவிச் சங்கத்துக்கு என்ன வேலை என்று ரீச்சரிடம் கேட்டேன். அவர் ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துக் காட்டினார். அது சிகிச்சைக்கு வராதவர்களின் இடாப்பு.

வாய்ப்புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை வாரத்தில் ஐந்து நாளாக ஆறேழு வாரம் நீளும். ஒவ்வொரு நாளும் மெசினுக்குக் கீழே கிடக்கும் நேரம் சில நிமிடங்களே. ஆனால் இடையில் நாட்களை விட்டால் சிகிச்சையின் பலன் குறைந்துவிடும். மூன்றாம் வாரமளவில் வாயெல்லாம் புண்ணாகி விழுங்க முடியாமற் போகும்போது, முல்லைத்தீவிலோ மன்னாரிலோ இருந்து வந்த கூலித்தொழிலாளி வீட்டுக்குப் போய்விடுகிறார். சிலர் பஸ் காசு இல்லாமல் நிற்கிறார்கள். சிலர் மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்று நோயையே மறைக்கிறார்கள். அந்த உதவிச் சங்கம் தங்குமிடமும் பயணச் செலவும் கொடுக்கிறது, சத்துமா கொடுக்கிறது. இவற்றுக்கு மேலாக, வராதவரைத் தேடிப் போகிறது.

விடுமுறையில் போயிருந்தபோது ஒருமுறை அவருடன் வன்னியில் ஒரு வீட்டுக்குப் போனேன். அம்மா ஒருவர் திண்ணையில் இருந்தார், மடியில் வெற்றிலை பாக்கு வைக்கும் கொட்டைப்பெட்டி. ரீச்சர் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்தில் இருந்து, மழையைப் பற்றியும் பேரப்பிள்ளையைப் பற்றியும் கதைத்துவிட்டு, "எங்கை, மூண்டு விரலை நிமித்தி வாய்க்குள்ளை வையணை, பாப்பம்" என்றார். சுகமான வாய்க்குள் மூன்று விரல் நுழையும். அந்த அம்மாவுக்கு ஒரு விரலே நுழைந்தது. பாக்கின் வேலை அது. கன்னத்தின் உட்பக்கத் தோல் நார்போல இறுகிவிடுகிறது. புகையிலை சேர்ந்த வெற்றிலையை அவர் வருடக்கணக்காக அடக்கி வைத்த இடத்தில்தான் புண்ணும் இருந்தது.

அவர் வராததற்குக் காரணம் பயமோ காசோ அல்ல, மாடு. கன்று போட்ட பசுவைப் பார்க்க ஆளில்லை. ரீச்சர் எழும்பிப் பக்கத்து வளவுக்குப் போனார்; அரை மணித்தியாலத்தில் அந்த வீட்டுப் பெடியனுடன் திரும்பி வந்தார். பாலை அவன் எடுக்கலாம், மாட்டை அவன் பார்க்கவேண்டும் என்று பேச்சு முடிந்தது. திங்கட்கிழமை அந்த அம்மா தெல்லிப்பளைக்குப் போனார். எந்த வைத்தியசாலையின் திட்டத்திலும் மாட்டுக்கு இடமில்லை. எங்கள் எந்த நிதி அறிக்கையிலும் அது வராது.

நம்மில் பலர் படித்ததும் கப்பலும் விமானமும் ஏறியதும் புகையிலைக் காசில். அந்தத் தோட்டங்களை நான் குறை சொல்லவில்லை; எங்கள் தகப்பன்மாருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அந்த இலையின் ஒரு பங்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அந்தத் திண்ணையில் கண்டேன். அந்த மண்ணில் படித்தவர்கள் நாங்கள் வெளியேறியபின், படலை படலையாகப் போவதற்கு ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியைதான் மிஞ்சியிருந்தார் என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

கடைசிக் காலத்தில் அவர் பாடசாலைகளுக்கும் போனார். 2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி இலவசமாகப் போடப்படுகிறது; தயங்கும் தாய்மாருடன் அவர் பேசினார். அதே தாய்மாரை, முப்பத்தைந்து வயதானதும், அந்தப் புற்றுநோய்க்கான பரிசோதனையைச் செய்யும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகச் சொல்லி அனுப்பினார்.

இப்போது அந்தக் கொப்பி, நமக்குப் பின் படித்து ஊரிலேயே நின்றுவிட்ட ஒரு தங்கச்சியிடம் இருக்கிறது. பகலில் அவருக்கு வேலை; பின்னேரங்களில் ரெலிபோன் எடுக்கிறார், சனிக்கிழமைகளில் வீடுகளுக்குப் போகிறார். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலும், கூடப் போக இன்னொருவருக்கு மாதச் சம்பளமும் தேவை என்று எழுதியிருக்கிறார். இந்த வருடம் ரீச்சரின் பெயரில் நினைவு மண்டபம் கட்டலாம் என்று ஒரு யோசனை கொமிற்றியில் இருக்கிறது. அந்தப் பணத்தை இந்தத் தங்கச்சிக்கு அனுப்பவேண்டும் என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் பிரேரிக்க இருக்கிறேன். ரீச்சரிடம் படித்தவர்கள் ஆதரிக்கும்படி கேட்கிறேன்.