களைப்பைச் சொல்ல முடியாத வேலை

போலீஸில் களைப்பு என்று ஒன்று இருப்பதாகவே யாரும் ஒத்துக்கொள்வதில்லை. கணபதி சிலைகளைக் கடலில் கரைக்கும் விசர்ஜன பந்தோபஸ்தில் விடிய விடிய நின்ற ஹவல்தாரைக் கேட்டாலும் "போலீஸ் வேலைன்னா அப்படித்தான்" என்பார். மகாராஷ்டிராவின் சாத்தாரா ஊர்க்காரர், பீட் ஊர்க்காரர், தாராவியில் பிறந்த தமிழச்சி நான் என்று மும்பை ஸ்டேஷனில் எங்களுக்குள் ஊர் வேறு, வீட்டுப் பேச்சு வேறு. இந்தப் பதில் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஆனால் களைப்பை மறைக்கிற பாரம் எல்லோருக்கும் ஒன்றல்ல. ஒரு ஆண் கான்ஸ்டபிள் முடியவில்லை என்று உட்கார்ந்தால் அது அவர் உடம்போடு போயிற்று. நான் உட்கார்ந்தால் "பொம்பளைங்களைச் சேர்த்தா இப்படித்தான்" என்று எல்லாப் பெண்கள் தலையிலும் விழும். மகாராஷ்டிராவில் பெண்களுக்கு 30 சதவீத இடஒதுக்கீடு இருப்பதால் அந்தப் பேச்சு இன்னும் சுலபமாக வாயில் வருகிறது.

விசர்ஜனத்தன்று கிர்காவ் சௌபாட்டிக் கடற்கரையில் நிற்கும் பெண் போலீஸைக் கவனித்துப் பாருங்கள். உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி, தண்ணீர் குடிக்க மாட்டாள். கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், ஏதோ ஒரு கட்டடத்து வாட்ச்மேனிடம் கேட்டு நிற்க வேண்டும். அதுவரை அவளுக்குக் காவல் போட்ட இடத்தை, அந்தப் பாயிண்டை, யார் பார்ப்பது? சாயங்காலத்துக்குள் முகத்தில் வியர்வை காய்ந்து உப்பு பூத்துவிடும். என் தோழி ஒருத்தி இப்படி நின்றே சிறுநீர்த் தொற்று வந்து படுத்தாள். லீவு விண்ணப்பத்தில் காய்ச்சல் என்றுதான் எழுதினாள்.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. மராத்தியும் இந்தியும் வராத தமிழ்ப் பாட்டி யாராவது தாராவியின் 90 அடி சாலைப் பக்கமிருந்து புகாரோடு வந்தால், வார லீவில் இருந்தாலும் எனக்குப் போன் வரும். சந்தோஷமாகத்தான் போவேன். "ஏளா, நீ நம்மூர்ப் புள்ளையா? அப்பா எந்த ஊரு?" என்று திருநெல்வேலிப் பேச்சில் தொடங்கி, உறவுமுறையெல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் மருமகன் கையை முறுக்கியதைச் சொல்வார்கள். அதுவரை காத்திருக்க வேறு யாருக்கும் பொறுமை இருக்காது. பல ஊர், பல மொழிக்காரர்கள் போலீஸுக்கு வர வேண்டும் என்று நான் நினைப்பது இதற்காகத்தான். ஆனால் அந்த நேரம் எந்த டூட்டிக் கணக்கிலும் ஏறாது.

2016 மே மாதம் மும்பையின் தேவனார் ஸ்டேஷனில் எட்டு மணி நேர ஷிப்டைச் சோதனையாகத் தொடங்கினார்கள். யோசனை சொன்னது அந்த ஸ்டேஷன் கான்ஸ்டபிள் ஒருவர். காது கொடுத்துக் கேட்டவர் அப்போதைய கமிஷனர் தத்தா பட்சல்கிகர். அப்புறம் மற்ற ஸ்டேஷன்களுக்கும் அது வந்தது. ஆனால் ஆள் பற்றாக்குறை, பண்டிகை, தேர்தல் என்று ஒவ்வொரு காரணமாகச் சேர்ந்து 12 மணி நேரம் திரும்பிவிட்டது. 2022 ஜனவரியில் பெண்களுக்கு மட்டும் எட்டு மணி நேரம் என்று உத்தரவு போட்டார்கள். கைக்குழந்தைக்காரிகளுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ராத்திரி சாலையை மறித்து வண்டிகளைச் சோதிக்கும் நாக்காபந்தியில் நிற்கும் ஆண்களுக்கு அது வயிற்றெரிச்சல். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் தாதா (மராத்தியில் அண்ணன்) என்று கூப்பிடும் எங்கள் ஹவல்தாருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. மாத்திரையையே நேரத்துக்குப் போட முடியாதவர் அவர். அந்த எட்டு மணி நேரம் அவருக்கும் வேண்டும். எங்களுக்கு மட்டும் கொடுத்தால் அது சலுகையாகி, சலுகை ஏச்சாகிவிடுகிறது.

சேர்ந்து கேட்கச் சங்கமும் கிடையாது. 1982 ஆகஸ்டில் பம்பாய் போலீஸ்காரர்கள் தெருவில் இறங்கிப் பெரிய கலவரமாகி, அதோடு சங்கத்துக்கும் முடிவு கட்டிவிட்டார்கள்.

அதனால் போன முறை குறை கேட்கும் கூட்டத்தில் நானே எழுந்து கேட்டேன். எட்டு மணி நேரம் ஆண்களுக்கும் வேண்டும், எந்தப் பாயிண்டுக்கு எங்கே கழிப்பறை என்று பந்தோபஸ்துச் சீட்டிலேயே எழுத வேண்டும், மொழிபெயர்க்கக் கூப்பிட்ட நேரம் டூட்டியில் ஏற வேண்டும். கழிப்பறைக்கு மட்டும் சரி என்றார்கள். மற்ற இரண்டையும் அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்பேன். தாதாவும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.