டெம்ப்ளேட்ட மாட்யூலுக்கு மாட்யூல் காப்பி பண்ணாதீங்க, பொதுவா ஒரு இடத்துல வைங்க

2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி ரேட் மாறுச்சுல்ல, 28ல இருந்த ஏசி, பெரிய டிவி எல்லாம் 18க்கு இறங்குச்சு, அன்னைக்கு எங்க டீம்ல எல்லாரும் ராத்திரியே டேட்டாபேஸ்ல ரேட்ட மாத்தி வச்சிட்டோம். நாங்க பண்றது ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல இருக்குற கடைகளுக்கும் சென்னை சுத்தி இருக்குற ஏசி டீலர்களுக்கும் பில்லிங் சாஃப்ட்வேர், ஜாங்கோங்குற பைத்தான் ஃப்ரேம்வொர்க்ல எழுதினது. காலைல சேல்ஸ் பில் எல்லாம் கரெக்டா வருது. மத்தியானம் ஒரு டீலர் போன் பண்றாரு, "தம்பி, கொட்டேஷன்ல தொகை 9 பர்சன்ட்டுக்கு வருது, பக்கத்துல எழுத்து மட்டும் சிஜிஎஸ்டி 14%னு நிக்குது, கஸ்டமர் என்ன ஏமாத்துறீங்களான்னு கேக்குறாரு".

காரணம் ரொம்ப சின்னது. சேல்ஸ், ரிட்டர்ன், கொட்டேஷன், சர்வீஸ்னு நாலு மாட்யூல், நாலுலயும் வரி டேபிள் காட்டுற டெம்ப்ளேட் (பில் எப்படி தெரியணும்னு சொல்ற ஃபைல்) தனித்தனி காப்பியா கிடந்துச்சு, கொட்டேஷன் மாட்யூல் ஏசி டீலருக்காகவே எழுதினதால எப்பவோ யாரோ அந்த 14ஐ (பழைய 28ல மத்திய அரசுக்கு போற பாதி) ஃபைல்லயே டைப் பண்ணி வச்சிருக்காங்க. வரி ஒன்னுதான், சட்டம் ஒன்னுதான், அத காட்டுற ஃபைல் மட்டும் ஏன் நாலு? அதுக்கப்புறம் தான் பொது டெம்ப்ளேட் எல்லாத்தையும் ஒரு இடத்துக்கு கொண்டு வர்ற வேலைய ஆரம்பிச்சோம், அதுல தெரிஞ்சுக்கிட்டத எழுதுறேன், ஏன்னா இன்க்ளூட் டேக் (ஒரு டெம்ப்ளேட்டுக்குள்ள இன்னொன்ன சேர்க்குற வரி) போட்டா முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது அப்படி இல்ல.

முதல் கேள்வி, அந்த ஃபைல் யார் வீட்டுல இருக்கணும். எல்லாருக்கும் முதல்ல தோணுறது, சேல்ஸ்ல ஏற்கனவே நல்லா இருக்கே, மத்த மூணும் சேல்ஸோட ஃபைல இன்க்ளூட் பண்ணிக்கலாம்னு. வேலை செய்யும். ஆனா அபார்ட்மென்ட்டோட தண்ணி மோட்டார் ஸ்விட்ச ஒருத்தர் ஃபிளாட்டுக்குள்ள வச்ச மாதிரி ஆயிடும், சேல்ஸ் டீம்ல ஒருத்தர் தன் பில்லுக்காக டேபிள்ல ஒரு காலம் (column) சேர்த்தா சர்வீஸ் பில் கோணிக்கும், அவருக்கு அது தெரியவே தெரியாது. அதனால எந்த மாட்யூலுக்கும் சொந்தமில்லாத, ப்ராஜெக்ட் லெவல்ல இருக்குற டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டருக்குள்ள "காமன்"னு ஒரு ஃபோல்டர் போட்டு அங்க வச்சோம்.

இதுல ஜாங்கோ எப்படி தேடுதுன்னு தெரிஞ்சுக்கிறது ரொம்ப முக்கியம். செட்டிங்ஸ்ல டெம்ப்ளேட்ஸ்னு இருக்குமே, ஜாங்கோ 1.8ல வந்தது, அதுல டிர்ஸ்ங்குற லிஸ்ட்ல குடுத்த ஃபோல்டர்கள முதல்ல பாக்கும், அங்க இல்லன்னா ஆப் டிர்ஸ்ங்குற செட்டிங் ஆன்ல இருந்தா ஒவ்வொரு ஆப்போட (நான் மாட்யூல்னு சொன்னது தான்) டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரையும் இன்ஸ்டால்டு ஆப்ஸ் லிஸ்ட்ல இருக்குற வரிசைல பாக்கும், முதல்ல எது கிடைக்குதோ அத எடுத்துட்டு நின்னுடும். எந்த ஆப்ல இருந்து கூப்பிடுறோம்ங்கறத அது பாக்கவே பாக்காது! எங்க டீம்ல புதுசா வந்த தம்பி ஒரு நாள் வந்து "அண்ணா, சர்வீஸ்ல ஹெடர் ஃபைல என்ன மாத்தினாலும் ஸ்கிரீன்ல வரவே மாட்டேங்குது"ன்னான். சேல்ஸ்லயும் சர்வீஸ்லயும் ரெண்டு இடத்துலயும் வெறும் "ஹெடர்"ங்குற பேர்ல ஃபைல், லிஸ்ட்ல சேல்ஸ் மேல இருக்கு, அப்போ சர்வீஸோட ஃபைல ஜாங்கோ தொடவே இல்ல. இதுக்கு தான் டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டருக்குள்ள மறுபடி ஆப் பேர்லயே ஒரு ஃபோல்டர் போட்டு "சர்வீஸ்/ஹெடர்"னு கூப்பிட சொல்றாங்க, பாக்க ஒரே பேர் ரெண்டு தடவ வர்ற மாதிரி இருந்தாலும் அத விட்டுடாதீங்க. எந்த ஃபைல் லோட் ஆச்சுன்னு சந்தேகம்னா ஜாங்கோவுக்கு தனியா போடுற டீபக் டூல்பார்ல டெம்ப்ளேட்ஸ் பேனல்ல முழு பாத்தும் காட்டும், ஃபைலே கிடைக்கலன்னா டீபக் மோட்ல வர்ற எரர் பக்கத்துலயே எங்கெங்க தேடுச்சுன்னு லிஸ்ட் இருக்கும், அத பொறுமையா படிங்க.

ஃபிளாஸ்க்ங்குற இன்னொரு பைத்தான் ஃப்ரேம்வொர்க் ஆளுங்களுக்கும் இதே கதைதான், மெயின் ஆப்போட டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டருக்கு முன்னுரிமை, ப்ளூபிரிண்ட்டோட (அங்க மாட்யூல் மாதிரி) ஃபோல்டர் அப்புறம்தான், அதனால அங்கயும் ப்ளூபிரிண்ட் பேர்ல உள் ஃபோல்டர் வேணும்.

ரெண்டாவது கேள்வி தான் எனக்கு இன்னும் பெருசு, அந்த ஃபைல் கண்ணுக்கு என்னென்ன தெரியணும். சும்மா இன்க்ளூட் பண்ணா கூப்பிடுற பக்கத்தோட வேரியபிள் எல்லாமே உள்ள போயிடும். சேல்ஸ்ல "பில்"னு ஒரு வேரியபிள், கொட்டேஷன்ல அதே விஷயம் "கொட்"னு இருக்கு, பொது ஃபைல் "பில்"ல தேடும், கிடைக்கலன்னா ஜாங்கோ கத்தாது, காலியா விட்டுட்டு போயிடும், வரி டேபிள் இருக்கு உள்ள தொகை இல்லன்னு பில் பிரிண்ட் ஆகி கஸ்டமர் கைக்கே போயிடும். அதனால நாங்க வச்சுக்கிட்ட வழக்கம், பொது ஃபைல கூப்பிடும்போது எப்பவும் வித் போட்டு தேவையானத கையில குடுக்கணும், கடைசில ஒன்லி போடணும், அப்போ கையில குடுத்தது மட்டும் தான் உள்ள போகும்:

இன்க்ளூட் "காமன்/வரி_டேபிள்" வித் லைன்ஸ்=கொட்.லைன்ஸ் வெளிமாநிலம்=கொட்.வெளிமாநிலம் ஒன்லி

இந்த ஒரு வரிய பாத்தாலே அந்த ஃபைலுக்கு என்ன வேணும்னு புதுசா வர்றவங்களுக்கு தெரிஞ்சிடும். ஃபைலோட தலைல ஒரு கமென்ட்லயும் அந்த ரெண்டு வேரியபிள் பேரையும் எழுதி வச்சிருக்கோம்.

அந்த வெளிமாநிலம்ங்குறதுக்கு ஒரு காரணம் இருக்கு. தமிழ்நாட்டோட ஜிஎஸ்டி கோட் 33, சரக்கு இங்கயே போனா சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டின்னு பாதி பாதி, புதுச்சேரிக்கு போனா அது 34, அப்போ ஐஜிஎஸ்டின்னு ஒரே வரி. பழைய காப்பில ஒன்னுல இந்த முடிவ டெம்ப்ளேட்டுக்குள்ளயே இஃப் போட்டு எடுத்திருந்தாங்க, இன்னொன்னுல அந்த இஃப்பே இல்ல. இந்த மாதிரி முடிவு எல்லாம் பைத்தான் பக்கம் தான் இருக்கணும், அங்க தான் டெஸ்ட் எழுத முடியும், டெம்ப்ளேட் காட்டுற வேலைய மட்டும் பாக்கட்டும்.

ஒன்லி போட்டா ஒரு விஷயம் கவனிக்கணும், கான்டெக்ஸ்ட் ப்ராசஸர் (எல்லா பக்கத்துக்கும் பொதுவா சில வேரியபிள் சேர்க்குற ஃபங்ஷன்) குடுக்குறதும் உள்ள வராது, ரிக்வெஸ்ட், யூசர், சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (ஃபார்ம் நம்ம பக்கத்துல இருந்து தான் வந்துச்சுன்னு காட்டுற ரகசிய குறி) எதுவும். பொது ஃபைலுக்குள்ள ஒரு ஃபார்ம் இருந்தா சப்மிட் பண்ணும்போது 403ன்னு, அதாவது அனுமதி இல்லன்னு எரர் அடிக்கும், டோக்கனையும் வித்லயே சேர்த்து குடுத்துடுங்க.

அப்புறம் இன்க்ளூட் பண்ண ஃபைலுக்குள்ள பிளாக் (வேற டெம்ப்ளேட் மாத்திக்கலாம்னு பேர் வச்சு விடுற இடம்) வச்சு அத மாட்யூல்ல இருந்து மாத்தலாம்னு முயற்சி பண்ணாதீங்க, நடக்காது. இன்க்ளூட்ங்குறது அந்த ஃபைல தனியா ரெண்டர் பண்ணி வந்த எச்டிஎம்எல்ல ஒட்டுற வேலை, எழுத்த அப்படியே உள்ள கொண்டு வர்றது இல்ல, அதனால அதுக்குள்ள இருக்குற பிளாக் வெளில யாருக்கும் தெரியாது. பக்கத்தோட மொத்த அமைப்பு பொதுவா வேணும்னா எக்ஸ்டெண்ட்ஸ் (அடிப்படை டெம்ப்ளேட்ட எடுத்து அதோட பிளாக்க மட்டும் மாத்துறது), நடுவுல ஒரு துண்டு மட்டும் பொதுவா வேணும்னா இன்க்ளூட். மேல மெனுல பெண்டிங் எண்ணிக்கை மாதிரி துண்டே டேட்டாவ தேடி எடுக்கணும்னா இன்க்ளூஷன் டேக் (டேட்டாவ எடுத்து ஒரு டெம்ப்ளேட்ட காட்டுற பைத்தான் ஃபங்ஷன்) எழுதிடுங்க, எல்லா வியூலயும் (பக்கத்த தயார் பண்ற பைத்தான் கோட்) அந்த எண்ணிக்கைய அனுப்பிட்டு இருக்க வேண்டாம்.

எல்லாத்தையும் பொதுவாக்கணும்னும் நான் சொல்ல மாட்டேன். ஏ4 பில்லும் மூணு இன்ச் தெர்மல் ரோல் பில்லும் ஒரே ஃபைல்ல வரணும்னு எங்கள்ல சிலர் ஆசைப்பட்டாங்க, எழுதி பாத்தா வரிக்கு வரி "ரோலா இருந்தா இது, இல்லன்னா அது"ன்னு இஃப்பா நிக்குது, ரோல்ல எச்எஸ்என் (சரக்கு வகை கோட்) காலத்துக்கு இடமே இல்ல, ஏ4ல அது வேணும். அத பிரிச்சிட்டோம், ரெண்டு தனி ஃபைல், கணக்கு மட்டும் ஒரே பைத்தான் ஃபங்ஷன்ல இருந்து ரெண்டுக்கும் போகுது. அடுத்த தடவ ரேட் மாறினா ரெண்டு ஃபைலையும் திறக்கவே வேண்டியதில்ல, பர்சன்ட் எழுத்தும் தொகையும் அதே ஃபங்ஷன்ல இருந்து தான் வருது.