கல்லில் என்ன எழுதுவது

ஏப்ரல் 10, 2022, குருத்தோலை ஞாயிறு

பசுமலைத் தெருக்களில் ஓலைகளோடு நடந்தோம். கொரோனாக் காலத்துக்குப் பிறகு இவ்வளவு கூட்டத்தை இப்போதுதான் பார்க்கிறேன். ஆராதனை முடிந்ததும் எங்கள் போதகர், ஐயர், என்னை நிறுத்தி, பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில் நான்காம் வார்த்தையை நீங்கள் பேசுங்கள் அம்மா என்றார். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் யாரும் கேட்டு வாங்காத வார்த்தை அது. முதல் வார்த்தை, மன்னிப்பு, வருடாவருடம் கமிட்டிச் செயலருக்கு. மூன்றாம் வார்த்தையில் தாய் வருவதால் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" மட்டும் ஓய்வுபெற்ற ஆசிரியைகளின் தலையில் விழும்.

தம்பி மகன், எனக்கு மருமகன், வழக்கம்போல வாசல்வரை பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அம்மா சென்ற மே மாதம், இரண்டாம் அலையில் இறந்தாள். ஆக்சிஜன் படுக்கைக்காக ஊரெல்லாம் அலைந்த நாட்கள். அடக்கம் முடிந்த வாரம், ஆறுதல் சொல்ல வந்த சபை ஊழியர் ஒருவர், "குடும்பத்தில் விசுவாசக் குறைவு எங்கேயோ இருந்திருக்கிறது" என்றார். அவர் யாரென்பது இங்கே வேண்டாம். பையன் எழுந்து வெளியே போனான். அதற்குப் பிறகு அப்பாவின் ஜெப வீட்டுக்கும் போகவில்லை, எங்கள் கோயிலுக்குள்ளும் வருவதில்லை. என் வீட்டு மாடியறையில்தான் இருக்கிறான்.

ஏப்ரல் 12, செவ்வாய்

மேலூர் சாலையில் கல் பட்டறைக்குப் போனேன். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குள் கல் நட வேண்டும். கறுப்புக் கல், இரண்டடி உயரம். வெட்டுகிறவர் எழுத்துக் கணக்கில் கூலி வாங்குகிறார். கொம்பும் காலும் தனித்தனி எழுத்து. புள்ளிக்கு மட்டும் காசில்லை. சாக்பீஸால் கல்லின்மேல் கோடு போட்டு, என்ன வாசகம் என்று கேட்டார். வீட்டில் இன்னும் முடிவாகவில்லை என்றேன். "எல்லா வீட்டிலும் அப்படித்தான் அம்மா" என்று அடுத்த கல்லுக்குப் போய்விட்டார்.

தம்பிக்கு வேண்டியது பவுலின் வசனம்: "நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன், விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன்." அவன் மகனிடம் இதைச் சொன்னபோது அவன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்மா போராடவில்லை அத்தை. மூச்சு விட முடியாமல் திணறினார். பெயரும் தேதியும் போதும்" என்றான்.

ஏப்ரல் 14, பெரிய வியாழன்

ஒரே நாளில் எத்தனை! சித்திரை முதல் நாள், மீனாட்சி திருக்கல்யாணம், எங்களுக்குத் திருவிருந்து ஆராதனை. பக்கத்து வீட்டு அம்மா புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு பாயசமும் வடையும் கொண்டுவந்தார். திருக்கல்யாணத்துக்கு மொய் எழுதிவிட்டு வந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். மதுரைக்காரர்களுக்கு மீனாட்சி கல்யாணம் சொந்த வீட்டுக் கல்யாணம்.

சாயங்காலம் தம்பி வந்தான். பெந்தெகொஸ்தே சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து வருடங்கள் ஆகின்றன. வெள்ளைச் சட்டை, மோதிரம் கிடையாது. நான் குழந்தையில் பெற்றது ஞானஸ்நானமே இல்லை என்பது அவன் கட்சி. என் காதுத் தோட்டை அவன் பார்க்கும் பார்வை எனக்குப் பழக்கம். பாயசத்தைப் பார்த்ததும், "படைத்ததா அக்கா?" என்றான்.

"1 கொரிந்தியர் 10:27. உன்முன் வைக்கப்பட்டதை விசாரிக்காமல் சாப்பிடு" என்றேன்.

"28-ஐயும் வாசியுங்கள். படைத்தது என்று ஒருவன் சொன்னால் சாப்பிடாதே."

"இங்கே யாரும் சொல்லவில்லையே. நீதான் கேட்கிறாய்."

சிரித்துவிட்டான். பாயசத்தைத் தொடவில்லை. வடை விஷயத்தில் அவனுக்குச் சட்டம் கொஞ்சம் இளகியது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வசனங்களில் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு காலமெல்லாம் வாழலாம் போலிருக்கிறது. மகன் மாடியிலிருந்து இறங்கவில்லை. தம்பி படிக்கட்டைப் பார்த்தபடியே செருப்பை மாட்டினான்.

ஏப்ரல் 15, பெரிய வெள்ளி

பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை ஆராதனை. ஊருக்குள் மாசி வீதிகளில் தேர். எங்கள் பக்கம் டீக்கடைகூட அடைத்திருந்தது. மருமகன் உள்ளே வந்து கடைசி பெஞ்சில், மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்தான். வெயில்தான் காரணம். நான் வேறு காரணம் தேடவில்லை.

எழுதி வைத்திருந்ததில் பாதியை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பேசினேன். மத்தேயுவும் மாற்கும் மட்டுமே சொல்லும் வார்த்தை இது. 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. "ஏலீ", அதாவது "என் தேவனே", என்று அவர் கூப்பிட்டதைக் கீழே நின்றவர்கள், எலியா தீர்க்கதரிசியைக் கூப்பிடுகிறான் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் ஓடிப்போய்க் கடற்காளானைக் காடியில் தோய்த்துக் குடிக்கக் கொடுத்தான். மற்றவர்கள், "பொறு, எலியா இவனை இரட்சிக்க வருவானோ பார்ப்போம்" என்றார்கள். உயிர் போகிறவன் கேட்ட கேள்வி அவர்களுக்கு ஓர் அற்புதத்தை வேடிக்கை பார்க்கும் வாய்ப்பாகிவிட்டது. கேள்வி அவர்கள் காதில் விழவே இல்லை. இன்றும் ஒருவர் "ஏன்" என்று கேட்டால், நாம் கேட்க விரும்புவதைத்தான் கேட்கிறோம்: விசுவாசக் குறைவு, உலக சிநேகம், படித்த திமிர். காடி கொடுத்தவன் ஒருவனாவது அவருடைய வாய் வறண்டிருப்பதைக் கவனித்தான்.

கீழே வந்தபோது கமிட்டிச் செயலர், "கொஞ்சம் தைரியமாகவே பேசிவிட்டீர்கள்" என்றார். பாராட்டா எச்சரிக்கையா தெரியவில்லை. மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சி குடித்துவிட்டு, அழகரை வரவேற்கும் எதிர்சேவை பார்க்கத் தல்லாகுளத்தில் உள்ள நண்பன் வீட்டுக்குக் கிளம்பினான்.

ஏப்ரல் 16, சனி

அழகர் ஆற்றில் இறங்கும்போது நெரிசலில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள் என்று காலையில் செய்தி. இரண்டு வருடம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த சனம் வைகைக்குத் திரண்டிருக்கிறது. இவன் போனை எடுக்கவில்லை. பத்து மணிக்கு மேல், தண்ணீர் பீய்ச்சியவர்களிடம் நனைந்த சட்டையோடு வந்து நின்றான். திட்டவும் தோன்றவில்லை, ஸ்தோத்திரம் என்றும் வாய் வரவில்லை. தோசை ஊற்றினேன்.

தம்பிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "பெரிய வெள்ளியும் அதுவுமாக அங்கே அனுப்பியிருக்கிறீர்களே அக்கா, உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு என்ன வளர்க்கிறீர்கள்?" என்று போனில் சத்தம். அவன் சாமியைப் பார்க்கப் போகவில்லை, நண்பனைப் பார்க்கப் போனான் என்றேன். அந்த நண்பன்தான் சென்ற மே மாதத்தில் சிலிண்டருக்காக இவனோடு ராத்திரி முழுக்கத் தெருத்தெருவாகச் சுற்றியவன். தம்பிக்கும் அது தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது வேறு, இது வேறு" என்றான்.

இந்த வாக்குவாதம் மதுரைக்குப் புதிதில்லை. 1606-இல் இங்கே வந்த பாதிரியார் ராபர்ட் டி நொபிலி, தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்டவர், காவி உடுத்தி, மரக்கறி உண்டு, குடுமிக்கும் பூணூலுக்கும் இடம் கொடுத்தார். அவருக்கு முன்பே இந்த ஊரில் ஊழியம் செய்துகொண்டிருந்த மூத்த குரு கொன்சாலோ பெர்னாண்டஸ் அதைத் தாங்காமல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். இரண்டு பேரும் ஒரே இயேசு சபை. 1623-இல் பாப்பரசர் 15-ஆம் கிரகோரி நொபிலியின் முறைக்கு அனுமதி கொடுக்கும்வரை அது ஓயவில்லை. என் அனுதாபம் நொபிலி பக்கம்தான் என்றாலும், சாதி அடையாளத்தோடு அவர் செய்துகொண்ட சமரசம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. பெர்னாண்டஸைக் குறுகிய மனக்காரர் என்று தள்ளிவிடுவது எளிது. கடற்கரைப் பரதவ மக்களோடு அவர் பழகினார். உடை மாற்றி, ஆள் மாற்றிப் பழகவில்லை.

ஏப்ரல் 17, உயிர்த்தெழுந்த திருநாள்

விடியற்காலை ஆராதனை. பாடகர் குழு உச்சஸ்தாயியில் கொஞ்சம் தடுமாறியது. பிறகு கோழிக் குழம்பு. தம்பி வரவில்லை, அவர்கள் சபையில் நாள் முழுக்கக் கூட்டம்.

ஏப்ரல் 24, ஞாயிறு

இன்று தோமாவின் பாடம். ஒவ்வொரு வருடமும் பிரசங்கியார்கள் அவனை ஒரு குட்டு குட்டிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார்கள். இன்றும் குட்டு விழுந்தது. நான் பிரசங்கத்தை விட்டுவிட்டு யோவான் 20-ஐயே வாசித்துக்கொண்டிருந்தேன். "மறுபடியும் எட்டுநாளைக்குப்பின்பு அவருடைய சீஷர்கள் வீட்டுக்குள்ளே இருந்தார்கள், தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்."

அந்த எட்டு நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உயிர்த்தெழுந்த ஆண்டவரை மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள், இவன் பார்க்கவில்லை. காயத்தில் விரலை இட்டாலொழிய விசுவாசிக்கமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். ஒரே வீட்டில், கதவைப் பூட்டிக்கொண்டு, பயத்தோடு இருந்தவர்கள். சாப்பாட்டு நேரத்தில் என்ன பேசியிருப்பார்கள்? பேதுரு சும்மா இருந்திருக்க மாட்டான். என்றாலும் அவனை யாரும் வெளியே அனுப்பவில்லை, அவனும் எழுந்து போகவில்லை. ஆண்டவர் இரண்டாம் முறை வந்தபோது தோமா அங்கே இருந்தான் என்றால், அதற்குப் பாதிக் காரணம் அந்தப் பத்துப் பேர்தான். மத்தேயுவோ இதைவிட ஒரு படி மேலே போகிறார். கடைசிப் பக்கத்தில், கலிலேயா மலையில் அவரைக் கண்டு பணிந்துகொண்டார்கள், "சிலரோ சந்தேகப்பட்டார்கள்." அந்தச் சிலரை ஒதுக்கிவிட்டுக் கட்டளை கொடுத்ததாக எழுதியிருக்கவில்லை. எல்லாரையுமே போகச் சொன்னார்.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. தோமாவுக்கு எட்டு நாளில் பதில் வந்துவிட்டது. வராதவர்கள் வீட்டில் என்ன செய்வது? என் தம்பி மனைவிக்காக மதுரையில் எத்தனை சபைகள் உபவாசம் இருந்தன! நானும் முழங்காலில்தான் கிடந்தேன். மருமகன் கேட்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதுபோல் நடிப்பதைத்தான் அவன் மன்னிக்க மாட்டான்.

மே 3, செவ்வாய்

கல் விவகாரம் முடிந்தது. முடித்தது பட்டறைக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும். தம்பியையும் மகனையும் சேர்த்தே அழைத்துப் போனேன். போகும் வழியெல்லாம் காரில் பேச்சில்லை. பட்டறையில் தம்பி வசனத்தை வாய்விட்டு வாசித்தான். மகன் வேண்டாம் என்றான். தம்பிக்குக் குரல் உயர்ந்தது. "உன் அம்மா கடைசிவரை பாடினாள். ஆம்புலன்ஸில் நான்தான் கூட இருந்தேன், நீ இல்லை." இதை அவன் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மகன் கல்லைத் தடவிக்கொண்டே, "என்ன பாட்டு?" என்று கேட்டான். தம்பி சொன்னான். அதற்குப் பிறகும் வசனம் வேண்டாம் என்றுதான் நின்றான். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

உளியை வைத்துக்கொண்டு காத்திருந்தவர், "சிலர் அதிகாரமும் எண்ணும் மட்டும் போடுவார்கள். செலவும் குறையும்" என்றார். பெயர், இரண்டு தேதிகள், கீழே சின்னதாக "2 தீமோ. 4:7". தெரிந்தவர்கள் திறந்து வாசித்துக்கொள்ளலாம். மகன் தலையாட்டினான். தம்பிக்கு அரைமனது.

எனக்கு எங்கள் தாத்தா ஞாபகம் வந்தது. அமெரிக்கன் மதுரை மிஷன் 1834-இல் இங்கே ஊன்றியது. அதில் வளர்ந்தவர்களுக்குப் பிஷப், அதாவது பேராயர், என்றாலே ஆகாது. சபையே தன் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய சபைகளின் ஐக்கியப் பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் எங்கள் தென்னிந்தியத் திருச்சபையாக முடிய இருபத்தெட்டு ஆண்டுகள் பிடித்தன. முன்னின்று உழைத்த அசரியா பேராயர் அதைப் பார்க்காமலே 1945-இல் இறந்துபோனார். பழைய போதகர்களுக்கு மறுபடியும் கைவைத்து அபிஷேகம் செய்ய வேண்டியதில்லை, எந்தச் சபைமேலும் அதன் மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஊழியரைத் திணிப்பதில்லை என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துத்தான் சேர்ந்தார்கள். அன்றைக்கு மதுரைக்கு வந்த முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின், முப்பத்தேழு வயதுக்காரர், பிஷப்புகளே இல்லாத ஸ்காட்லாந்து சபையிலிருந்து வந்தவர். தாத்தா கடைசிவரை "பிஷப்" என்று சொல்லும்போது மூக்கைச் சுளிப்பார். ஆனால் அந்தப் பிஷப் கையால் திருவிருந்து வாங்காமல் இருந்ததில்லை. அதே சபையில் இன்று கமிட்டித் தேர்தல் வந்தால் நீதிமன்றம்வரை போகிறோம் என்பது வேறு கதை.

மே 19, வியாழன்

முதலாம் ஆண்டு. காலை ஆறரைக்கு, வெயில் ஏறுவதற்குள், கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஐயர் புத்தகத்திலிருந்து சுருக்கமாக ஜெபித்தார். இறந்தவர்களுக்கான ஜெபம் வேதத்தில் இல்லை என்று சொல்லியிருந்த தம்பி, கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றான். எங்களுடையது முடிந்ததும் வந்து, தன் முறைப்படி, ஆவியில் வரும் அந்நிய பாஷையில் உரக்க ஜெபித்தான். ஐயர் கண்ணை மூடிக் கைகட்டி நின்றார். அது அவருக்குச் சுலபமில்லை என்று முகத்தில் தெரிந்தது. மருமகன் இரண்டு ஜெபத்துக்கும் கண்ணை மூடவில்லை. அப்பா ஜெபித்துக்கொண்டே அழ ஆரம்பித்தபோது, தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து கையில் வைத்துக்கொண்டு அவர் முடிக்கும்வரை காத்திருந்தான்.

வீட்டில் இட்லியும் ஆட்டுக்கால் பாயாவும். தல்லாகுளத்து நண்பனும் வந்திருந்தான். தம்பி அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, படிப்பு, வேலை, சம்பளம் எல்லாம் விசாரித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு கைப்பிரதியை எடுத்துக் கொடுத்தான். பையன் கும்பிட்டு வாங்கிக்கொண்டான். மருமகன் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினான். இந்த வீட்டில் சில காரியங்கள் மாறப்போவதில்லை.

கிளம்பும்போது தம்பி வாசலில் நின்று, அடுத்த மாதம் அவர்கள் சபையில் முழுக்கு ஆராதனை இருக்கிறது, நீங்களும் வர வேண்டும் அக்கா என்றான்.

"வருகிறேன்" என்றேன். "கரையில் நிற்க."

"அதற்கும் வேன் இருக்கிறது" என்றான்.