கால் வீங்கினது செல் துண்டாலை இல்லை

என் இடது தொடைக்குள் ஒரு செல் (எறிகணை) துண்டு கிடக்கிறது. 2009 இல் போர் நேரம் மாத்தளனில் பட்டது. எடுக்கப்போனால் நரம்பு போய்விடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். வன்னியில் இது ஒரு புதினமே இல்லை; வட்டக்கச்சியில் எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே என்னைப்போல நாலு பேர் இருக்கிறோம். ஆனால் என் புரஸ்டேட் புற்றுநோய்க் கதையில் அந்தத் துண்டு இரண்டு தரம் குறுக்கே வந்தது.

முதல் தரம் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனபோது. "உடம்பிலை இரும்பு ஏதும் இருக்கோ ஐயா?" என்று கேட்டார்கள். இருக்கு என்றேன். காந்தத்துக்கு அது உள்ளே அசைந்தால் ஆபத்து என்று சொல்லி, சி.ரி. ஸ்கானும் எலும்பு ஸ்கானும் எடுத்தார்கள். இரத்தத்தில் பார்க்கிற பி.எஸ்.ஏ. 23, தசைத்துண்டு எடுத்துப் பார்க்கிற கிளீசன் 8. இரண்டும் உயர்ந்த கணக்கு. அதனால் புரஸ்டேட் சுரப்பியோடு சேர்த்து இடுப்புக்குள் இருக்கிற நெறிகளையும் எடுப்போம் என்றார் பெரிய டொக்டர். அக்குளிலும் அரையிலும் நெறி கட்டும் என்று சொல்வோமே, அதேதான். மருத்துவத்தில் நிணநீர்க் கணு என்கிறார்கள்.

"எடுத்தால் ஆயுள் கூடுமோ?" என்று கேட்டேன். மனுசன் ஒளிக்கவில்லை. "அதை உறுதியாச் சொல்லேலாது. ஆனா பரவியிருக்கோ இல்லையோ எண்டு சரியாத் தெரியவரும். பிறகு என்ன வைத்தியம் எண்டதை அதை வைச்சுத்தான் யோசிக்கலாம்." எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. நிணநீர் தேங்கலாம், கால் வீங்கலாம் என்றும் சொன்னாராம். மகளுக்கு ஞாபகம் இருக்கிறது, எனக்கு இல்லை. புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட பிறகு வேறெது காதில் ஏறும்?

வைகாசியில் சத்திரசிகிச்சை நடந்தது. அடிவயிற்றில் வெட்டு, சலம் (சிறுநீர்) போக ஒரு ரியூப், பக்கத்தில் இன்னொரு ரியூப். அந்தப் பக்கத்து ரியூப்பில் வைக்கோல் நிறத்தில் நீர் வடிந்தபடி இருந்தது. மிஸ்ஸி (தாதி) ஒவ்வொரு காலையும் அளந்து எழுதுவார். அளவு குறைந்ததும் கழற்றிவிட்டார்கள். இரண்டு கிழமையில் சல ரியூப்பும் போனது. சலம் கசிகிற கரைச்சல் தனிக் கதை, அதை இங்கே எழுதவில்லை. பரிசோதனை முடிவும் வந்தது: 14 நெறி எடுத்திருக்கிறார்கள், ஒன்றிலும் நோய் இல்லை. வீட்டில் அன்று கோழிக்கறி.

மூன்றாம் கிழமை ஒரு பின்னேரம் இடது காலுக்கு மட்டும் செருப்பு ஏறவில்லை. விரலால் முன்காலை அமத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. இரண்டு நாளில் தொடை வரைக்கும் பாரம். அடிவயிற்றில் இடப்பக்கம் ஏதோ அடைத்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. மணித்தியாலத்துக்கு ஒருதரம் சலம் முட்டியது. மனுசி நொச்சி இலை அவித்து ஒத்தணம் பிடித்தாள், எண்ணெய் போட்டு உருவினாள். பக்கத்து வீட்டு அண்ணை வந்து பார்த்துவிட்டு, "யானைக்காலோ தெரியேல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். இலங்கையில் அது இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இலேயே சான்று கொடுத்துவிட்டது. ஆனால் ஒழுங்கைக்குள் அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

ஒரு தனியார் டொக்டரிடம் போனேன். பழைய தழும்பைப் பார்த்தார். "உள்ளை கிடக்கிற துண்டு சீழ் பிடிச்சிருக்கும்" என்று ஐந்து நாளைக்குக் குளிசை தந்தார். ஆஸ்பத்திரியால் விடும்போது தந்த நோய் விபர மட்டையைக் கொண்டுபோயிருந்தேன், அதை அவர் விரித்துப் பார்க்கவில்லை. நானும் வயிற்றைக் காட்டவில்லை, கால்தானே வீக்கம் என்று நினைத்தேன். துண்டு இரண்டாம் தரம் குறுக்கே வந்தது இப்படித்தான்.

நாலாம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல். மகன் ஓட்டோ பிடித்து, சத்திரசிகிச்சை செய்த இடத்துக்கே கொண்டுபோனான். அங்கே ஒரு சின்ன டொக்டர். மட்டையைப் பார்த்த உடனே கேட்ட முதல் கேள்வி: "காலை ஆராவது உருவினவையோ?" கால் நாளத்துக்குள் இரத்தம் கட்டியிருந்தால் உருவும்போது அது கழன்று நுரையீரலுக்குப் போகுமாம். மனுசி சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு நின்றாள். பிறகு இரண்டு முழங்காலையும் சேர்த்து நெருக்கச் சொன்னார். நெறி எடுக்கும்போது அந்த இடத்து நரம்பு சேதப்பட்டால் தொடையை உள்ளே ஒடுக்க முடியாதாம். என்னால் முடிந்தது.

நாளத்தில் இரத்த ஓட்டம் பார்க்கிற டொப்ளர் ஸ்கானில் இரத்தக்கட்டி இல்லை. வயிற்று ஸ்கானில் அகப்பட்டது: இடுப்பின் இடப்பக்கம் 9 சென்ரிமீற்றரில் நீர் தேங்கின ஒரு பை, பெரிய நாளத்தை அழுத்தியபடி. எனக்கு விளங்கவில்லை என்று தெரிந்து, "ஐயா என்ன தொழில்?" என்றார். கமம் என்றேன். "இரணைமடுக் குளத்து வாய்க்காலை இடையிலை வெட்டிவிட்டா தண்ணி எங்கை போகும்?" பள்ளத்தில் தேங்கும். காலிலிருந்து ஏறுகிற நிணநீரும் அப்படித்தான், நெறியோடு வாய்க்காலும் அறுபட்டதால் இடுப்புக்குள் தேங்கிவிட்டது. தேங்கினதில் கிருமி புகுந்ததால்தான் காய்ச்சல்.

விறைக்க ஊசி போட்டு, ஸ்கான் பார்த்துப் பார்த்து ஒரு மெல்லிய ரியூப்பை இறக்கினார்கள். வந்த நீரில் கொஞ்சத்தைக் கிரியற்றினின் பார்க்க அனுப்பினார்கள்; அது சலத்தோடு வெளியே போகிற ஒரு கழிவு. அது இரத்தத்தில் உள்ளதைவிட நல்லாகக் கூடியிருந்தால் சலம் கசிகிறது, இரத்தத்தின் அளவோடு ஒத்திருந்தால் நிணநீர். எனக்கு ஒத்திருந்தது. முதல் நாள் 600 மில்லிலீற்றர், பிறகு 250, 180. ஒரு நாள் திரும்பவும் கூடி என்னைப் பயப்படுத்தியது. வற்றாவிட்டால் மருந்து விட்டு ஒட்டவைப்பார்கள், அதுவும் சரிவராவிட்டால் கமரா ஒப்பரேசனில் பையில் ஒரு வாசல் வெட்டி வயிற்றுக்குழிக்குள் திறந்துவிடுவார்கள். எனக்கு அவ்வளவுக்குப் போகவில்லை. 12 ஆம் நாள் ரியூப்பைக் கழற்றினார்கள்.

இப்போதும் பின்னேரத்தில் கணுக்கால் கொஞ்சம் வீங்கும். இறுக்கிப் பிடிக்கிற நீளக் காலுறை தந்திருக்கிறார்கள். கிளிநொச்சி வெயிலுக்கு அது ஒரு தண்டனை. காலில் சின்னக் கீறல் விழுந்தாலும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், சிவந்து சுட்டால் அன்றே காட்ட வேண்டும். காலபோக வயலுக்குள் இந்த முறை நான் இறங்கவில்லை. றப்பர் பூட்ஸ் போட்டு வரம்பில் நிற்கிறேன், மகன் உரம் எறிகிறான்.

மகள் என் மட்டையைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, மேலே சிவப்புப் பேனையால் இரண்டு வரி எழுதித் தந்திருக்கிறாள்: இடது தொடையில் இரும்பு இருக்கு. இடுப்பில் 14 நெறி எடுத்தது. தடிமன் மருந்துக்குப் போனாலும் அதைத்தான் முதலில் நீட்டுகிறேன். போன பி.எஸ்.ஏ. 0.1 க்குக் கீழே. அடுத்த கிளினிக் தையில், அருவி வெட்டுக்கு (நெல் அறுவடைக்கு) முதல் போய்வர வேண்டும்.