‘தவ்’ என்றால் பெரிய மரியாதையா?

ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிசியைத் தழுவிய படங்களில் எனக்குப் பிடித்தது கோயன் சகோதரர்கள் 2000-இல் எடுத்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?’ தான். அந்தத் தலைப்பில் வரும் பழைய ஆங்கிலச் சொல்லான ‘தவ்’ (thou) இன்றைக்குக் காதில் ராஜகம்பீரமாக விழுகிறது. 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம் அது. ஷேக்ஸ்பியர் காலத்தில் வேலைக்காரனிடமும் நெருங்கிய நண்பனிடமும் பேசுகிற சாதாரண ‘நீ’ அது, மரியாதைக்கு ‘யூ’. இது புரியாமல் புராணப் படம் என்றாலே எல்லோரையும் தவ், தை (thy, ‘உன்’) என்று விறைப்பாகப் பேசவைத்துக் கொல்கிறார்கள்.

இந்தப் படத்தில் அந்தத் தொல்லை இல்லை. 1937, மிசிசிப்பி, காலில் சங்கிலியோடு தப்பி ஓடும் மூன்று கைதிகள். காவிய நாயகன் யுலிஸஸாக ஜார்ஜ் குளூனி, உயிர் போகிற அவசரத்திலும் தலைக்குத் தடவ பொமேட் தேடுகிற ஆள். ஒற்றைக்கண் அரக்கன் இங்கே பைபிள் விற்கும் ஜான் குட்மன், சாப்பிட்டு முடித்த கையோடு மரக்கிளையை ஒடித்து அடிக்கிறார் பாருங்கள், அடடா! கடல் மோகினிகள் ஆற்றங்கரையில் துணி துவைக்கிறார்கள். அப்புறம் காவியத்தில் யுலிஸஸுக்காகக் காத்திருக்கும் மனைவி பெனலோப்பி, இங்கே பென்னி. இருபது வருடம் காத்திருப்பதெல்லாம் கிடையாது. அப்பா ரயிலில் அடிபட்டுப் போய்விட்டார் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு அடுத்த கல்யாணத்துக்குத் தயாராகிவிட்டாள்.